காருக்கு இன்னொரு செட் வீல்: மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று

வீடு பொள்ளாச்சியில், வீட்டம்மாவுக்கு டீச்சர் வேலை வால்பாறையில். வாரம் ஒருமுறையாவது ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்க வேண்டும். போன வருஷ மழையில், அட்டகட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் நிறைந்த ஒரு குழியில் இறக்கிவிட்டேன். மேலே பார்க்கத் தண்ணீர்தான், உள்ளே கல். அலாய் வீலின் உள்விளிம்பு விரிந்து காற்று இறங்கிவிட்டது. அன்றைக்குத்தான் மலைக்கென்று தனியாக ஒரு செட் இரும்பு டிஸ்க்கும் (டயரை மாட்டும் சக்கரம்) நல்ல டயரும் வாங்கி வைப்பது என்று முடிவு செய்தேன்.

நான்கு சக்கரம் வாங்குவதில் என்ன இருக்கிறது என்றுதான் கிளம்பினேன். இரண்டரை மாதம் ஆனது. ஒரு செட் தப்பாக வாங்கி, காசையும் விட்டு, ஒருநாள் பயந்தும் போனேன். நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். கார் ஸ்விஃப்ட், டாப் வேரியன்ட். உங்கள் கார் வேறாக இருந்தாலும் பார்க்க வேண்டியவை இவையேதான்.

1. முதலில், உங்களுக்கு இது தேவைதானா?

பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டுக்குள்ளேயே ஓடும் வண்டி என்றால் இருக்கும் செட்டில் நல்ல டயர் போட்டு, ஏர் சரியாக வைத்தால் போதும். வருஷத்துக்கு இரண்டு தடவை ஊட்டி போகிறவருக்கும் இதே பதில்தான்.

வாரா வாரம் மலை ஏறுபவர்கள், எஸ்டேட் மண்பாதையில் வண்டி விடுபவர்கள், அலாய் வீலைக் குழியில் அடித்து உடைக்க மனசு வராதவர்கள் ஆகியோருக்கு இது லாபம். இரும்பு டிஸ்க் அடிபட்டால் நெளியும், தட்டி எடுத்துவிடலாம். அலாய் விரிசல் விடும். விரிசலை வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்பார்கள். அதை மட்டும் மலைக்குப் போகும் வண்டியில் மாட்டாதீர்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. பாதி தேய்ந்த டயரை மழையில் மலைக்கு எடுத்துப் போக முடியாது, ஆனால் தை மாதத்திலிருந்து சித்திரை வரை சமவெளியில் தாராளமாக ஓட்டலாம். இரண்டு செட் இருந்தால் எந்த டயரையும் பாதியில் தூக்கி எறிய வேண்டியதில்லை.

2. கடைக்குப் போகும் முன் எழுதிக்கொள்ள வேண்டியவை

நான் இதைச் செய்யவில்லை. செய்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் சைஸ்: டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் கம்பெனி அனுமதித்த சைஸும் ஏர் அளவும் இருக்கும். என் வண்டிக்கு 185/65 ஆர் 15. அதே ஸ்விஃப்ட்டின் கீழ் வேரியன்ட்டுக்கு 165/80 ஆர் 14. முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது எண் பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் டிஸ்க்கின் விட்டம் அங்குலத்தில். பார்க்க வேறு வேறாகத் தெரியும், கணக்குப் போட்டால் ஒன்றுதான். 165-இல் 80 சதவீதம் 132 மில்லிமீட்டர், மேலும் கீழும் சேர்த்து 264. பதினான்கு அங்குலம் 355.6. மொத்த உயரம் 619.6 மி.மீ. இதே மாதிரி மற்றதைப் போட்டால் 621.5. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே பதினான்கு அங்குல செட்டும் என் வண்டிக்கு ஆகும், ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. உங்கள் மாடலிலும் கீழ் வேரியன்ட் சைஸ் என்ன என்று பாருங்கள். சின்ன டிஸ்க், தடித்த டயர் என்பது குழிக்கு நல்ல ஜோடி.

சைஸுக்குப் பக்கத்தில் 88எச், 85டி என்று இருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 85 என்றால் 515. எழுத்து வேகத்துக்கு: டி மணிக்கு 190 கி.மீ., எச் 210. அந்தந்த சைஸுக்கு ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் உள்ளதற்குக் கீழே போகக் கூடாது.

பிசிடி: நட்டு ஓட்டைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். நான்கு ஓட்டை வண்டியில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் கிடைத்துவிடும். ஸ்விஃப்ட்டுக்கு 4×100, அதாவது நான்கு ஓட்டை, 100 மி.மீ.

நடு ஓட்டை: டிஸ்க்கின் நடுவில் ஹப் (வண்டியில் சக்கரம் உட்காரும் நடுப்பகுதி) நுழையும் ஓட்டை. ஸ்விஃப்ட்டுக்கு 54.1 மி.மீ. நான் மாட்டிக்கொண்டது இதில்தான்.

நட்டு: மரையும் பார்க்க வேண்டும், நட்டு டிஸ்க்கில் உட்காரும் முகமும் பார்க்க வேண்டும். மாருதிக்கு 12×1.25 மரை. ஹூண்டாய், ஹோண்டாவுக்கு 12×1.5. வேறு மரை நட்டை முடுக்கினால் இரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும். இறுகிவிட்டது என்று நினைப்போம், உண்மையில் ஸ்டட்டின் (நட்டை முடுக்கும் போல்ட்) மரை போய்விட்டிருக்கும்.

ஆஃப்செட்: டிஸ்க்கின் பின்பக்கம் ஈடி என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பது அது. எண் ரொம்பக் குறைந்தால் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்தும், கூடினால் உள்ளே ஷாக் அப்சார்பரில் உரசும். கம்பெனி எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

3. நான் ஏமாந்த கதை

பழைய சாமான் கடை ஒன்றில் ஹோண்டா சிட்டியிலிருந்து கழட்டிய நான்கு டிஸ்க் கிடைத்தது. 6,000 ரூபாய். பதினைந்து அங்குலம், நான்கு ஓட்டை, பிசிடியும் 100. "ஓட்டை நாலும் ஒக்காருதுங்கண்ணா, அப்புறமென்ன?" என்றார் கடைக்காரர். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. புது டயர் போட்டு மாட்டினேன்.

கோயம்புத்தூர் ரோட்டில் 80-ஐத் தொட்டால் ஸ்டீயரிங் உதறும். மூன்று இடத்தில் பேலன்சிங் பார்த்தேன். மூன்று இடத்திலும் மிஷின் பூஜ்யம் காட்டியது. சரி, ரோடுதான் அப்படி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு ஒரு சனிக்கிழமை மலை ஏறினேன். ஒன்பதாவது வளைவில், எல்லோரும் போட்டோ எடுக்க நிற்கும் லோம்ஸ் வியூவில், முன்பக்கம் இடது புறம் டக் டக் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் இரண்டு நட்டு கையாலேயே திரும்பியது.

அடுத்த நாள் கிணத்துக்கடவில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். சக்கரத்தைக் கழட்டினார், ஹப்பைப் பார்த்தார், டிஸ்க்கைத் திருப்பினார். "ஏனுங் தம்பி, இது இந்த வண்டி டிஸ்க்கு இல்லீங்களே?" என்றார். ஹோண்டாவின் நடு ஓட்டை 56.1. என் ஹப் 54.1. இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம். அது உதறலுக்கு. நட்டு கழன்றதற்குக் காரணம் வேறு. ஹோண்டா டிஸ்க்கில் நட்டு உட்காரும் குழி உருண்டையாக, கிண்ணம் மாதிரி இருக்கும். மாருதி நட்டின் முகம் கூம்பு. கிண்ணத்தில் கூம்பை வைத்தால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் தொடும். அவர் டிஸ்க்கில் அந்தத் தடத்தைக் காட்டினார். நகக்கண் அகலத்துக்கு ஒரு பளபளப்பான கோடு, சுற்றிலும் பெயின்ட் அப்படியே இருந்தது. நான்கு சக்கரத்தின் பிடியும் அந்தக் கோட்டில்தான் நின்றிருக்கிறது.

4. சரியான டிஸ்க் எங்கே கிடைக்கும்

மூன்று வழி உண்டு.

ஷோரூம் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டரில் ஆர்டர் கொடுக்கலாம். ஆர்.சி. நகலைக் கொண்டுபோனால் சேஸிஸ் நம்பர் வைத்துச் சரியான பார்ட் நம்பரை எடுத்துத் தருவார்கள். நான் விசாரித்தபோது ஒரு டிஸ்க் இரண்டாயிரத்துச் சொச்சம், ஒன்பது நாள் காத்திருக்கச் சொன்னார்கள். தப்பு நடக்க வாய்ப்பே இல்லாத வழி இது.

இரண்டாவது, எனக்குப் பிடித்த வழி. புது வண்டி டெலிவரி எடுத்த கையோடு டயர் கடைக்கு விட்டு, இரும்பு டிஸ்க்கைக் கழட்டிப் போட்டுவிட்டு அலாய் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். கழட்டிய செட்டை டயரோடு கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் விட்டுவிடுவார்கள். கோயம்புத்தூரில் அலாய் விற்கும் பெரிய டயர் கடைகளில் போன் நம்பர் கொடுத்து, "ஸ்விஃப்ட் பதினாலு இஞ்ச் செட் கழட்டினா சொல்லுங்க" என்று சொல்லி வைத்தேன். மூன்றாவது வாரம் அழைப்பு வந்தது. 400 கி.மீ. கூட ஓடாத நான்கு டயர், நான்கு டிஸ்க், அந்த வண்டியின் நட்டு பதினாறு. 15,500 ரூபாய். கடைசியில் நான் வாங்கியது இதைத்தான். ஹோண்டா டிஸ்க்கில் போட்ட புது டயர்கள் என் அலாய்க்கே போய்விட்டன.

மூன்றாவது, உக்கடம் பக்கம் உள்ள பழைய சாமான் கடைகள். விலை குறைவு, கண் நிறைய வேண்டும். உள்விளிம்பில் தட்டி நிமிர்த்திய அடையாளம், நட்டு ஓட்டை முட்டை வடிவில் தேய்ந்திருப்பது, புதுசாக அடித்த கறுப்பு பெயின்ட்டுக்கு அடியில் துரு, இவற்றைப் பாருங்கள். பேலன்சிங் மிஷினில் வெறும் டிஸ்க்கை ஏற்றிச் சுற்றச் சொல்லுங்கள். விளிம்பு அலைவது கண்ணுக்கே தெரியும். பில் தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். திருட்டு வீல் உங்கள் வண்டியில் இருக்க வேண்டாம்.

5. டயரின் வயதைப் பாருங்கள்

டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். இரண்டு பக்கமும் பாருங்கள், சில டயரில் ஒரு பக்கம்தான் முழுசாக இருக்கும். புது டயருக்கு ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது, ஒரு வருஷத்தைத் தாண்டினால் விலை பேசலாம், இரண்டு வருஷம் என்றால் வேண்டாம் என்பது என் கணக்கு. நான்கையும் பாருங்கள். எனக்கு ஒருமுறை மேலே இருந்த இரண்டு புதுசு, அடியில் இருந்த இரண்டும் மூன்று வருஷப் பழசு.

ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அது இருந்தே ஆக வேண்டும். முத்திரை இல்லாமல் வெளிநாட்டு எழுத்தோடு பாதி விலைக்கு ஒரு டயர் வந்தால் கவனம். எனக்கும் காட்டினார்கள். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டங்கள்) நன்றாக இருந்தது, ரப்பர் மெத்தென்று இருந்தது, ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியது போல் சன்னமான வெட்டுகள். "மலைக்குன்னே செஞ்சதுங்க, மழையில புடிச்சா வுடாது" என்றார்கள். பக்கச் சுவரில் மூன்று சிகரம் உள்ள மலைக்குள் ஒரு பனிச்செதில் படம். அது ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பனிக்காலத்தில் போடும் டயர். தட்பவெப்பம் ஏழு டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் ரப்பர் இறுகாமல் இருக்கச் செய்த கலவை. பொள்ளாச்சிச் சித்திரை வெயிலில் அந்த ரப்பர் அழிப்பான் மாதிரி தேயும், பிரேக் அடித்தால் வண்டி குழையும். ஊட்டியில் தை மாதக் காலையில் உறைபனி விழுகிறதே என்பார்கள். வெயில் ஏறினால் போய்விடும் அந்தப் பனிக்கு இந்த டயர் வேண்டாம்.

நம் மலைக்கு வேண்டியது ஆழமான, அகலமான நேர் பள்ளங்கள் உள்ள சாதாரண டயர். தண்ணீரை அவைதான் வெளியேற்றும். புதுசில் சுமார் எட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடுகள் அந்த அளவைக் காட்டும். ஆனால் மழையில் வால்பாறை வழியில் உள்ள கவர்க்கல் மூட்டத்துக்குள் இறங்குவதற்கு அது போதாது. மூன்றுக்குக் கீழே போனதும் என் மலை செட்டைச் சமவெளிக்கு மாற்றிவிடுவேன்.

6. காசு கொடுக்கும் முன் ஒன்றை மாட்டிப் பாருங்கள்

முன்பக்கம் ஒரே ஒரு சக்கரம். சில வண்டிகளின் டாப் வேரியன்ட்டில் பிரேக் டிஸ்க் பெரிசாக இருக்கும், சின்ன வீல் காலிப்பரில் (பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இடிக்கும். மாட்டி, நட்டை இறுக்கி, கையால் முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வண்டியில் டயர் பிரஷர் காட்டும் வசதி இருந்தால் எந்த வகை என்று கேளுங்கள். வால்வில் சென்சார் இருக்கும் வகை என்றால் புது செட்டுக்கும் சென்சார் வாங்க வேண்டும், இல்லையென்றால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சென்சார் இல்லாத வகைக்கு ரீசெட் போதும்.

7. பில், வாரன்டி, இன்சூரன்ஸ்

புது டயருக்கு ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் அதைப் பாருங்கள். டயரின் சீரியல் நம்பர்கள் நான்கும் பில்லிலோ வாரன்டி கார்டிலோ எழுதப்பட்டிருக்க வேண்டும். பக்கம் உப்பினால் கம்பெனி கேட்கும் முதல் கேள்வி அதுதான். நானே போனில் நான்கையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கம்பெனி சைஸிலேயே, கம்பெனி டிஸ்க்கே போட்டால் ஆர்.டி.ஓ. பக்கம் வேலை இல்லை. பெரிய அலாய், மட்கார்டுக்கு வெளியே நிற்கும் அகல டயர் என்று போனால் வண்டியின் அமைப்பை மாற்றியதாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. தனியாக வாங்கிய அலாயை மாட்டினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண பாலிசியில் டயர் மட்டும் கெட்டால் காசு வராது. வண்டியும் அடிபட்டிருந்தால் டயர் விலையில் பாதி. வீட்டில் வைத்திருக்கும் செட் திருடு போனால் அது கார் பாலிசியில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

8. எவ்வளவு ஆகும், எப்போது வாங்குவது

எனக்கு ஆன கணக்கு: டிஸ்க்கும் டயருமாக 15,500. பேலன்சிங் நான்குக்கும் வெயிட்டோடு 600. அலைன்மென்ட் 500. புது வால்வு 200. டார்க் ஸ்பேனர் (நட்டை அளவாக இறுக்கும் ஸ்பேனர்) 2,200. 6,000-க்கு வாங்கிய ஹோண்டா டிஸ்க்கை விற்று 3,500 எடுத்தேன். எல்லாம் புதுசாகவே வாங்கினால் பதினைந்து அங்குல செட்டுக்கு முப்பதாயிரத்தை ஒட்டி வரும்.

ஜூன் முதல் வாரம் மழை பிடிக்கும் என்றால் ஏப்ரலிலேயே தேடத் தொடங்குங்கள். மே கடைசியில் எல்லோருக்கும் டயர் ஞாபகம் வரும், விலை பேச முடியாது. புது டயரை மாட்டியதும் நேராக மலை ஏறாதீர்கள். மேல்தோலில் வழுவழுப்பு இருக்கும். உடுமலை ரோட்டில் ஒரு நூறு இருநூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு ஏறுங்கள்.

9. வீட்டிலேயே மாற்றுவது

சமதரை, ஹேண்ட் பிரேக், எதிர்ச் சக்கரத்துக்குக் கல். தூக்கும் முன்பே நட்டை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். நட்டில் ஆயில், கிரீஸ் எதுவும் வேண்டாம். கையால் முடுக்கி, எதிரெதிராக இறுக்குங்கள். இரும்பு டிஸ்க்குக்கும் அலாய்க்கும் நட்டு வேறாக இருந்தால் தனித்தனி டப்பாவில் போட்டு வையுங்கள்.

ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிப்பது நம் ஊர்ப் பழக்கம். வேண்டாம். சின்னக் கார்களுக்கு 80 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள்தான் இருக்கும், உங்கள் கையேட்டில் சரியான எண் உண்டு. டார்க் ஸ்பேனர் அந்த எண் வந்ததும் 'டக்' என்று சொல்லும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை. நான் ஆழியாறு செக்போஸ்ட்டில் வரிசையில் நிற்கும்போது பார்த்துவிடுவேன், நிற்கிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

10. கழட்டிய செட்டை எங்கே வைப்பது

நான் தோப்பில் மோட்டார் ரூமில் வைத்தேன். பூட்டு இருக்கிறது, நிழல் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து எடுத்தபோது ஸ்டார்ட்டர் பெட்டிப் பக்கம் இருந்த டயரின் சுவரில் மயிரிழை வெடிப்புகள். மின்பொறி உண்டாக்கும் ஓசோன் ரப்பரைத் தின்னும் என்று பிறகுதான் தெரிந்தது. மோட்டார், வெல்டிங், பேட்டரி சார்ஜர் இருக்கும் அறை கூடாது. டீசல், மருந்தடிக்கும் டிரம் பக்கத்திலும் கூடாது.

கழுவிக் காய வைத்து, சாக்பீஸால் எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று எழுதுங்கள். டிஸ்க்கோடு இருக்கும் டயரைப் படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், ஏர் கொஞ்சம் இருக்கட்டும். டிஸ்க் இல்லாத டயரை நிறுத்தி வைத்து மாதம் ஒருமுறை உருட்டிவிடுங்கள். என் செட் இப்போது வீட்டுக்குள், மாடிப்படிக்கு அடியில், உரச்சாக்கு சுற்றி இருக்கிறது. முன்பு அங்கே இருந்த தேங்காய்களை வைக்க வேறு இடம் தேடித் தரச் சொல்லி வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.